அப்பா முடிவெட்டப் போயிருக்கிறார்

என் செல்லச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுதலாமா கூடாதா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில்தான் தெரியும். அப்பா வெளியே போயிருக்கிறார். தனியாகப் போயிருக்கிறார். இதை எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், நீயும் படித்துக்கொள். நாற்சந்தியைத் தாண்டி பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கிற பழைய சலூனுக்கு, முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். பின்னாலேயே போகக் கூடாது, மாடியில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது, போன் போடக் கூடாது என்று அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார். அப்பாவுக்கு இன்றைக்கு என்ன பரீட்சையோ அதே பரீட்சை எனக்கும். கை சும்மா இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று பயந்து, கழுவின டப்பாவையெல்லாம் இன்னொரு தரம் கழுவிக் கவிழ்த்தேன். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அதற்கப்புறமும் கால் வாசலுக்கே போனதால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போனில் பேசக்கூடாதா, எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பாய். வீடு சின்னது, உன் அப்பாவுக்குக் காது பெரியது, அதனால் இத்தனை நாள் உன்னிடம் பாதிப் பேச்சுத்தான் பேசியிருக்கிறேன். இன்னொன்று, போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். இந்த விஷயத்தில் நான் தலையாட்டக் கூடாது. விஷயம் என்னவென்றால், நீ எங்களுக்காகப் பார்த்து வைத்திருக்கிறாயே, சுற்றிலும் மதில், நடக்கத் தோட்டம், எல்லாச் சாமானும் வாசலுக்கே வந்துவிடும், அப்பா முட்டி வலியோடு கேட்டைத் தாண்டவே வேண்டாம் என்று சொன்னாயே, அந்த வீடு எங்களுக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. நீ படம் அனுப்பினதும் அப்பா அந்த மதிலைத்தான் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் பயந்துபோனேன். அந்த வீட்டுக்குள் போனால் உன் அப்பா அப்புறம் வெளியே வரவே மாட்டார் சின்னு. இன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டார், "இன்னிக்கு முடியலன்னா இந்த வைத்தியமும் வேணாம் ஒண்ணும் வேணாம், பொண்ணு சொன்ன வீட்டுக்கே போயிடலாம்" என்று. சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் அந்தப் பேச்சோடுதான் படி இறங்கினார், நான் அந்தப் பேச்சோடுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்தது பாதிதான் என்றேனே, மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ இங்கிருந்து போன மறு வருஷம், தன் டிரைவிங் ஸ்கூல் ஆட்களை லைசென்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, கை மரத்துப்போய், செத்தோம் என்று நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் பண்ணிவிட்டு, "உங்க இதயம் கல்லு மாதிரி இருக்குங்க, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதுவரை உன்னிடம் சொன்னோம். சொல்லாதது அதற்கப்புறம் நடந்தது. சிக்னலில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது இன்னொரு தரம் அதே மாதிரி வந்திருக்கிறது, என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து மெயின் ரோடை விட்டுவிட்டு, டிரைவிங் ஸ்கூல் காரைச் சந்து சந்தாக ஓட்டிக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த வருஷம் அவரிடம் படித்தவர்களெல்லாம் குறுக்குச் சந்தில் புலி, மெயின் ரோடில் பூனை. அப்புறம் சந்தும் ஆகாமல் போனது. கடைத்தெரு, வங்கி, கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. கேட்டால் முட்டி வலி. முட்டி வலிக்கு யார் என்ன சொல்ல முடியும், ஸ்கூலை மூடினபோதுகூட ஐயோ பாவம் முட்டி என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

அந்த முட்டிக்கு நான் செய்த ஊழியம் கொஞ்சநஞ்சமில்லை. தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், நீயும் அங்கிருந்து ஏதோ பெல்ட் அனுப்பினாய், அதையும் மாட்டிவிட்டேன். எல்லாம் இடது முட்டிக்கு. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, வாங்க சார், தெருமுனை வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம் என்று கூப்பிட்டார். உன் அப்பா ஐயோ முட்டி என்று நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார் பார், வலது காலை நொண்டிக்கொண்டு வந்தார். பெல்ட் இடது காலில் இருக்கிறது. நான் பெல்ட்டைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது, வாய்விட்டுச் சிரித்தே விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, "வெளிய போனா செத்துடுவேன்னு தோணுது" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை பெரிய ஆள், ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

அதற்கப்புறம் உன் மாமா வந்தான். என் தம்பியைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எல்லா வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்து, தைரியம். "ஒரே தள்ளா தள்ளிட்டா சரியாயிடும்க்கா, நான் இருக்கேன்ல" என்று சொல்லி, விடுமுறை நாளாகப் பார்த்து ஆறு மாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நகரும் படிக்கட்டில் நடுவில் போகும்போது அப்பாவுக்கு அந்தப் படபடப்பு வந்துவிட்டது. மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது, பின்னால் அத்தனை ஜனம். எப்படியோ மேலே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாராம், நாலு பேர் சுற்றி நின்று படம் எடுத்தார்களாம். அன்றோடு வாசற்படியும் போயிற்று. அதோடு நிற்கவில்லை, என்னை விட்டுத் தனியாக இருக்கவும் முடியாமல் போனது. நான் மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனால் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு சொன்னேன் என்று உனக்குச் சொன்னேனே, அது என் முதுகு வலிக்காக இல்லை. கடை முதலாளியம்மா இன்னமும் போன் பண்ணி, நீங்க பிரேம் மாட்டின மாதிரி யாரும் மாட்டறதில்ல, எப்ப வர்றீங்க என்று கேட்கிறார், நான் அடுத்த மாசம் அடுத்த மாசம் என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காய்கூட வாசலுக்கு வருகிற தள்ளுவண்டியில்தான் வாங்கினேன். இவருடைய வியாதி இரண்டு பேரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது.

மனநல டாக்டரம்மாவிடம் முதலில் போனில் முகம் பார்த்துத்தான் பேசினோம், அப்பாவால் அங்கே போகவே முடியாதே. வெளியே போனால் மாட்டிக்கொள்வோம், தப்பிக்க முடியாது என்கிற இந்தப் பயத்துக்கு அகோராபோபியா என்று பெயர் சொன்னார். அப்பாவுக்குப் பெயர் கிடைத்ததே பாதி நிம்மதி, தனக்கு மட்டும் வந்த பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், பெயர் இருக்கிற வியாதி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், அது தூக்க மாத்திரை இல்லை, தினமும் போட்டால் சில வாரம் கழித்துத்தான் வேலை செய்யும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. உன் அப்பா பத்து நாளில், இதுல ஒண்ணும் இல்ல என்று நிறுத்தப் பார்த்தார், நான் விடவில்லை. ஆனால் மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியைக் கால்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. எதற்குப் பயப்படுகிறாரோ அந்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும், போய் அங்கேயே இருக்க வேண்டும், படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், அது இறங்குகிறது என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் அப்பா, உன் மாமாவின் தைரிய மருந்து மாதிரிதான் இதுவும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது டாக்டரம்மா கேட்டார், உங்களிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவர் யாராவது நாற்சந்தியில் பயந்து வண்டியை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. தொழில் பேச்சு என்றதும் அப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது. "மொதல்ல ஓரமா நிறுத்தச் சொல்வேன். ஆனா சீட்டு மாத்த விடமாட்டேன். அங்க நான் வாங்கி ஓட்டிட்டேன்னா அந்த ஆளு ஜென்மத்துக்கும் அந்த ரோட்டுல ஓட்டாது. நடுக்கம் நிக்கற வரைக்கும் உக்காரவச்சு, அதே ஆளு கையாலதான் அந்த சந்திப்ப தாண்ட வைப்பேன்" என்று மளமளவென்று சொன்னார்.  அதையே நீங்களும் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. போனை வைத்ததும் என்னிடம், "அந்தம்மா என் வாயாலயே என்ன மாட்டி விட்டுட்டாங்க" என்று எரிந்து விழுந்தார். மறுநாள் கேட் வரைக்கும் போனார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கேட், தெருமுனை, மருந்துக் கடை, பஸ் ஸ்டாப். முதலில் நான் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நான் பத்தடி பின்னால், அப்புறம் நான் எதிர் வரிசையில். நேராக ஏறிக்கொண்டே போனது என்று நினைக்காதே. பஸ் ஸ்டாப்பில் ஒரு நாள் பாதியில் திரும்பி ஓடி வந்துவிட்டு, ஒரு வாரம் படுக்கையை விட்டு எழவில்லை, அந்த வாரம் நான் டாக்டரம்மாவையும் திட்டினேன், உன்னையும் திட்டினேன், நகரும் படிக்கட்டைக் கண்டுபிடித்தவனையும் திட்டினேன். பிறகு டாக்டரம்மா, இனிமேல் போனில் பார்க்க மாட்டேன், நேரில் வாருங்கள், "கடைசி வரைக்கும் இப்படியே பாத்தா நானும் உங்க பயத்துக்குத் துணை போற மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டார். வண்டி பிடித்து நாங்கள் இரண்டு பேரும் போனோம், வழியெல்லாம் என் கையை நசுக்கிவிட்டார். இப்போது கடைசியாக என்னைக் கழற்றிவிடுகிற கட்டம். நீ அப்பா நடக்கும்போதெல்லாம் காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே வருவாயே, அதுவும் இனிமேல் கூடாது கண்ணு. நீ காதில் இருந்தால் அது தனியாகப் போனதாகாது. மளிகையெல்லாம் அங்கிருந்தே சொல்லி வாசலில் இறக்குகிறாயே, அதையும் நிறுத்து. நீ பாசத்தில்தான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா, ஆனால் உப்பு தீர்ந்தால் அவர் போய் வாங்கட்டும், வாங்காவிட்டால் உப்பில்லாமல் சாப்பிடட்டும்.

சலூன்தான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நடு வழியில் திரும்பி ஓடி வரலாம், பாதி வெட்டின தலையோடு எழுந்து ஓட முடியுமா? அதனால்தான் இத்தனை நாள் நான் வெட்டிவிட்டேன். என் கைவண்ணத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன ஸ்டைலும்மா இது என்று நீ கேட்டாயே. இன்றைக்கு அவரே அந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார், டாக்டரம்மா சொல்லவில்லை. போன் சட்டைப்பையில் இருக்கிறது, தொடக் கூடாது என்று பேச்சு. இந்நேரம் திரும்பியிருக்க வேண்டும். கூட்டமாக இருக்குமோ. கூட்டமாக இருந்தால் பெஞ்சில் காத்திருக்க வேண்டும், காத்திருப்பது இன்னும் கஷ்டம். தெருவில் யாரோ செருமினால்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். போன் அடிக்கிறது.

இப்போதுதான் வைத்தேன்.  அவர்தான் பேசினார், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. ஒரு பக்கம் வெட்டி முடித்தாயிற்றாம், மறு பக்கம் ஆரம்பிக்கும்போது ஏறிவிட்டதாம். குரலே வெளியே வரவில்லை. "கழுத்துல கட்டின துணி இறுக்குது, நெஞ்சு வலிக்கற மாதிரி இருக்கு, ஒரு வண்டி பிடிச்சுட்டு வா, சீக்கிரம் வா" என்றார். சின்னு, இத்தனை வருஷத்தில் அவர் வா என்று கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததில்லை. நிஜமாகவே நெஞ்சு வலியாக இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. போன மாதம்தான் இதயத்தை மறுபடி பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "நான் வரல" என்றேன். "அது எறங்கற வரைக்கும் அந்த நாற்காலியிலயே உக்காந்திருங்க. பாதி முடியோட வந்தா நான் கதவத் திறக்க மாட்டேன்" என்றேன்.  அவர், "நீயெல்லாம் ஒரு மனுஷியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அழுதுகொண்டே வாசல் வரை போனேன், தாழ்ப்பாளைத் திறந்தேன், மறுபடி போட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பேன், எந்த முகத்தோடு உனக்குச் சொல்வேன். டாக்டரம்மாவுக்கு என்ன, அவருக்கு அப்பா ஒரு நோயாளி, எனக்கு அவர் யார். நான் செய்தது சரியா? உன் அப்பாவை நாற்காலியில் தனியாக விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேனே, நீயே சொல். படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டால் நல்லது, கேட்காவிட்டால்

வந்துவிட்டார். படியில் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். உள்ளே வந்து, சட்டையெல்லாம் வியர்வையில் தொப்பலாக நனைந்து, தண்ணீர் என்று கையைக் காட்டினார். இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது சின்னு. பின்னங்கழுத்து பளிச்சென்று, காதோரம் நேராக, உன் கல்யாணத்தில் பார்த்த அப்பா மாதிரி. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.  அப்புறம் அவராகவே சொன்னார். என்னைத் திட்டிவிட்டு போனை வைத்த பிறகு இன்னும் மோசமாக ஏறியதாம், எழுந்து ஓட நாற்காலிக் கையைப் பிடித்தாராம், சலூன்காரர் ஒன்றும் கேட்காமல் கத்திரியை வைத்துவிட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாராம். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "ஏறிச்சு ஏறிச்சு, அப்புறம் தானா எறங்கிச்சுடி, நான் ஒண்ணுமே பண்ணல" என்றார். குழந்தை மாதிரி ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அப்புறம் சலூன்காரர், இதுக்கு முன்னாடி யாருங்க வெட்டினது என்று கேட்டாராம், வீட்ல ஒரு எதிரி இருக்கா என்று இவர் சொன்னாராம். அப்போதுதான் நாங்கள் சிரித்தோம், சிரிக்கும்போதே எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், நாளைக்கே மறுபடி முட்டி வலிக்கலாம். ஆனால் அந்த மதில் வைத்த வீட்டுக்காரரிடம் நீ வேண்டாம் என்று சொல்லிவிடு, இன்றைக்கே சொல்லிவிடு.

இவ்வளவு நேரம் என்ன எழுதறே என்று கேட்டார், பொண்ணுக்கு என்றேன். அப்ப போய்ப் போட்டுட்டு வா என்றார். சாயங்காலம் ரெண்டு பேருமா போகலாம் என்றேன். அவர் குளித்த தலையைத் துவட்டிக்கொண்டே, "வேணாம், நீ மட்டும் போ. அப்படியே ஒன் கண்ணாடிக் கடைக்கும் போய்ட்டு வா. நான் வீட்ல இருந்துக்கறேன்" என்றார். தனியாகவா என்று கேட்டேன். தனியாகத்தான் என்றார்.  நான் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றேன், துணி எடுக்க வேண்டும் என்றேன், வெயில் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது சின்னு, எனக்குக் காரணம் ஒன்றும் மீதியில்லை, எனக்கு அந்தத் தெருவில் அவர் இல்லாமல் நடக்கப் பயமாக இருக்கிறது. அவருக்கு இல்லை, எனக்கு.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருங்கள். பேத்தி ஓடியாடி வளரட்டும், எங்கே போக ஆசைப்பட்டாலும் போக விடு. அப்பாவுக்கு இனிமேல் நடக்கும் நேரத்தில் போன் போடாதே, மறந்துவிடாதே. மீதியை எழுத நேரமில்லை, வாசலில் நின்றுகொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன். உன் அப்பா உள்பக்கம் தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு, நான் படி இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா